மாசி மச்சமில்லை

மகள் வீகன் ஆன செய்தியைக் கோயிலில் நான்தான் பிழையாகச் சொல்லிவைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். மன்னாரில் இருந்தே பழக்கமான ஒரு அக்கா மகளைப் பற்றி விசாரித்தார். "சுகமா இருக்கிறா அக்கா. இப்ப சைவம்" என்றேன். அவர் தேநீரை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெடியன் என்ன வேலை செய்யிறார்?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் சைவம் என்பது சாப்பாட்டுக்கும் பெயர், சமயத்துக்கும் பெயர். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை சைவமாகிவிட்டாள் என்றால் பின்னால் ஒரு சைவப் பெடியன் நிற்கிறான் என்று அக்கா முடிவெடுத்துவிட்டார். அப்படி ஒன்றும் இல்லை, மச்சம் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். மச்சம் என்றால் எங்களுக்கு மீனும் இறைச்சியும். "பாலும் குடிக்க மாட்டா, முட்டையும் இல்லை, தேனும் இல்லை" என்று நான் சேர்த்துச் சொன்னது அக்காவை இன்னும் கலக்கிவிட்டது. பெடியன் என்றால் பேசித் தீர்க்கலாம், இதற்கு என்ன செய்வது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அன்றிரவு மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எரிச்சல்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில்கூட நாங்கள் இறைச்சியை விடுவோமே தவிர மீனை விடுவதில்லை. மீன் வாசமே இல்லாத சோறு எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்குப் போடுவது. மகள் தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதமில் தோழிகளோடு ஒரு வீட்டில் இருக்கிறாள், ஒரு கவுன்சிலில் வேலை. ஏன் இந்த வீகன் சாப்பாடு என்று ஒருநாள் கேட்டேன். தனக்காக ஒன்றும் சாகக்கூடாது என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை. நானும் வாதாடவில்லை, முகத்தைத்தான் தூக்கிவைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் "சாப்பிட்டிட்டன் அப்பா" என்பாள். அந்த ஒரு வசனத்தை நான் வெறுத்தேன். மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். முப்பது வருடம் தபால் பிரித்துவிட்டு ஓய்வெடுத்த எனக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சமைக்கப் பழகியது அப்போதுதான். மகள் வரும் நாளில் புட்டு அவித்து, மரக்கறி வைத்து, தேங்காய்ச் சம்பலும் இடிப்பேன். அவள் சம்பலில் ஒரு துளி தொட்டுப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று மரியாதைக்குச் சொல்வாள். மூன்று மணிக்கு ரயிலைப் பிடிக்கப் போய்விடுவாள்.

இனி மாசிக்கு வருகிறேன். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல் ஆகும்வரை காயவைத்தால் அதுதான் மாசி. இடித்துத் தூளாக்கிச் சம்பலில் ஒரு கரண்டி போட்டால் போதும், வெறும் தேங்காய்க்கு உயிர் வந்துவிடும். எங்கள் குசினியில் மாசிப் போத்தல் மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் நடுவில் இருந்தது. கடையிலும் சரக்கோடு, அதாவது மசாலாச் சாமான்களோடுதான் வைத்திருப்பார்கள். அதை நான் ஒருநாளும் மீன் என்று எண்ணியதில்லை.

ஒரு ஞாயிறு சம்பல் இடிக்கும்போது, எனக்கும் மனைவிக்கும் இடிக்கிற பழக்கதோஷத்தில் கை அந்தப் போத்தலுக்குள் போய்விட்டது. போட்ட பிறகுதான் கண்டேன். வேறு தேங்காய் எடுக்கலாம் என்று திரும்புமுன் அழைப்புமணி அடித்தது. சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதற்குள் அவள் தட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று தரம் சம்பல் கேட்டு வாங்கினாள். "அப்பா, இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்றாள். தேங்காய் புதுக் கடையில் வாங்கியது என்றேன். அன்று அவள் ஏழு மணிவரை இருந்தாள். வேலை இடத்துக் கதையெல்லாம் சொன்னாள்.

முதல் ஞாயிறு தவறுதான். இரண்டாவது ஞாயிறைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் வந்தாள். மனைவிக்குத் தெரியும். "நான் இதுக்குள்ள இல்லை. பிடிபட்டா நீங்களே தலையைக் குடுங்கோ" என்றுவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். மாசி மச்சமில்லை, அது ஒரு சரக்கு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பவும் செய்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் இந்தோனேசியப் பயணம் வந்தது. மகளுக்குத் துணிச் சாயத்தில் பைத்தியம். யோக்யகர்த்தாவில், துணியில் மெழுகால் வரைந்து சாயம் போடும் ஒரு பத்திக் பட்டறையில் ஒரு வார வகுப்புக்குத் தோழியோடு பதிந்திருந்தாள். புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது தோழி படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். "நீங்கள் வாறீங்களா அப்பா?" என்று மகள் கேட்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னை எங்கும் வா என்று கேட்டதில்லை. நான் யோசிக்கிற மாதிரி ஒரு நிமிடம் பாவனை செய்துவிட்டு ஓம் என்றேன்.

போகுமுன்னே அவள் தன் போனில் அந்த நாட்டு மொழியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: இறைச்சி, மீன், முட்டை, பால் சாப்பிடமாட்டேன். யோக்யகர்த்தாவில் அதை யாரிடம் காட்டினாலும் நிதானமாக வாசித்து, தலையாட்டி, நல்ல சிரிப்பும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர்களுக்குச் சரியென்று பட்டதைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் வந்த நூடில்ஸில் கோழி இல்லை, கோழி அவித்த தண்ணீர் இருந்தது. விடுதியில் காலை உணவு பரிமாறியவர் பொரித்த சோற்றின்மேல் இருந்த முட்டையைத் தன் கையாலேயே எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இப்போது சரிதானே என்று மகளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மகளுக்கும் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு அந்தச் சோற்றை என் பக்கம் தள்ளினாள்.

அந்த ஊரில் பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு நாள் முழுதும் வேகவைக்கிறார்கள். அதைக் கண்டதும் மகள் துள்ளிவிட்டாள். எங்கள் சாப்பாடு மாதிரியே இருக்கிறதே என்றாள். கடைக்காரி அகப்பையை அடிவரை விட்டுக் கிளறியபோது ஒரு முழுக் கோழி மேலே வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனது. நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவள் வாழைப்பழம்தான் சாப்பிட்டாள். வகுப்பில் காலை முழுதும் உருகிய மெழுகோடு நின்று களைத்த பிள்ளை, வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நடைபாதையில் குந்தியிருந்தது. வீகனைப் பற்றி எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்தில்தான் போனது. வீம்புக்காக யாரும் இவ்வளவு பட்டினி கிடக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என் மூக்கு வேலைக்கு வந்தது. தெம்பே என்று, அவித்த சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிப் பொரிப்பார்கள். அதற்குப் பயமில்லை. பக்கத்தில் ஒரு சிவப்புச் சம்பல் வைத்தார்கள். மகள் தொடப்போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "கூனி" என்றேன். கூனி என்பது மன்னாரில் நாங்கள் கருவாடாகப் போடும் பொடி இறால். அதை உப்போடு அரைத்து, புளிக்கவைத்து, கட்டியாக்கி, அந்த நாட்டில் அநேகமாக எல்லாச் சம்பலிலும் ஒரு நகக்கண் அளவு போடுகிறார்கள். தெராசி என்று பெயர். மகளுக்கு அந்த வாசம் பிடிபடவில்லை. எனக்குத் தெருமுனையில் இருந்தே பிடிபட்டது.

அன்றிலிருந்து நான் அவளுடைய மூக்கு. நாங்கள் இருவரும் வழக்கமாகப் பேசுவது அவள் ஆங்கிலத்திலும் நான் தமிழிலும். சாப்பாட்டு விஷயம் மட்டும் அவளுக்கும் தமிழில்தான் வரும். எந்தக் கடையிலும் தட்டு வந்ததும் என்னிடம் நீட்டுவாள். "அப்பா, மணந்து பாருங்கோ." நான் ஒரு நீதிபதியின் கனத்தோடு குனிந்து மணப்பேன். ஓம் என்றால் சாப்பிடுவாள், இல்லை என்றால் தட்டு எனக்கு. ஒரு கடைக்காரப் பெண் எங்கள் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளியும் உப்பும் மட்டும் தடவித் தனியாகத் தெம்பே பொரித்துத் தந்தாள். சீனர் நடத்தும் மரக்கறிக் கடை ஒன்றையும் கண்டுபிடித்தோம். சோயாவில் செய்த வாத்தை மகள் ஆசையாகச் சாப்பிட்டாள். நான் உண்மையான வாத்தை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவளுக்கு நான் தேவைப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பார்க்கிங் குசினி எனக்கு நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறை குனியும்போதும் வந்தது.

ஞாயிறு நான் அங்கே ஒரு கோயிலைத் தேடிப் பூசைக்குப் போனேன். மொழி விளங்கவில்லை, எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது விளங்கியது. திரும்பி வந்தபோது மகள் முகம் மலர்ந்து நின்றாள். பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை கண்டுபிடித்திருந்தாள். அவித்த மரக்கறிக்கு மேல் கச்சான் கடலை அரைத்து ஊற்றித் தருகிறார்கள், முட்டையும் இறால் அப்பளமும் வேண்டாம் என்று சொன்னால் போடுவதில்லை, இந்த ஊரில் தான் சாப்பிட்டதில் இதைப்போல ஒன்றும் இல்லை என்றாள். திங்கள், மத்தியான இடைவேளையில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

என் வயதிருக்கும் ஒரு அம்மா கல்லில் கச்சான் அரைத்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் பழகிய வாடிக்கைக்காரியைக் கண்டது போல் சிரித்தார். மிளகாய், பனங்கட்டி, புளி, பிறகு ஒரு சிறு டப்பாவில் இருந்து எதையோ கிள்ளிப் போட்டு அரைத்தார். எனக்கு வாசம் வந்துவிட்டது. தட்டு வந்தது. மகள் விளையாட்டாக என் பக்கம் நீட்டினாள். "சும்மா ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றாள். நேற்றே சாப்பிட்டுவிட்டாள், இன்றும் சாப்பிட்டால் என்ன, அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டுமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. என் மூக்கை நம்பி நீட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். "கூனி இருக்கு பிள்ளை" என்றேன்.

அவள் நம்பவில்லை. போன் குறிப்பைத் திரும்பவும் அந்த அம்மாவிடம் காட்டி, டப்பாவைக் கைகாட்டினாள். அந்த அம்மா ஒளிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, மண்ணிறக் கட்டியைப் பெருமையாகவே காட்டினார். "தெராசி" என்றார். விரல்நுனியில் அளவு காட்டி, கொஞ்சம்தான் என்றார். குறிப்பில் மீன் என்று இருந்த சொல்லைத் தொட்டுத் தலையை ஆட்டினார். "இகான் இல்லை, பும்பு" என்பதுபோலச் சொன்னார். மகள் அந்தச் சொல்லைப் போனில் தட்டிப் பார்த்து என்னிடம் காட்டினாள். பும்பு என்றால் சரக்கு. மீனில்லை, சரக்கு என்கிறார் அந்த அம்மா. நான் எனக்கே சொல்லிவந்த அதே சொல்.

மகள் கோபப்படவில்லை. அந்த அம்மாவுக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பட்டறை வாசலில் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்ததும் அழத் தொடங்கினாள். பசியும் களைப்பும் சேர்ந்த அழுகை.

"அவ பொய் சொல்லேல்லை அப்பா. அவவுக்கு அது மீன் எண்டே தெரியாது" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெளியில எங்க சாப்பிட்டாலும் எனக்கு ஒரு பயம்தான். லண்டனிலயும் அப்படித்தான். உங்கட குசினியில மட்டும்தான் யோசிக்காமல் சாப்பிடுறனான்."

நான் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் இன்றும் ஞாயிறுகளில் அவள் சிரித்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் அந்த வாங்கில் அவள் பக்கத்தில் இருந்துகொண்டு அதை என்னால் செய்ய முடியவில்லை.

"சம்பலுக்கு மாசி போட்டனான்" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தச் சம்பல் என்றாள். சொன்னேன். எவ்வளவு காலம் என்று கேட்டாள். ஒன்றரை வருடம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் எங்கே நிறுத்துகிற ஆள்? "மாசி மச்சமில்லைத்தானே பிள்ளை, அது ஒரு சரக்கு..." என்று இழுத்தேன். அது என் காதிலேயே விழுந்தது.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. "அவவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றாள். எழும்பி வகுப்புக்குப் போய்விட்டாள்.

மிச்சம் இரண்டு நாள்கள் இருந்தன. அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தால் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். சாப்பாட்டு விஷயமும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தட்டை என் பக்கம் நீட்டவில்லை. வெட்டிய பழமும் வெறும் சோறும் சாப்பிட்டாள். ஒரு கடையில் தெம்பேக்குப் பக்கத்தில் சம்பல் வந்தபோது எனக்குக் கூனி மணத்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் முன்னமே அதைத் தள்ளிவைத்துவிட்டாள். விமானத்தில் பதினைந்து மணித்தியாலம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம். அவள் தூங்கினாள், அல்லது தூங்குவது போல் கிடந்தாள். ஹீத்ரோவில் இறங்கி அவள் ஸ்ட்ரெதமுக்கும் நான் பார்க்கிங்குக்கும் பிரிந்தோம்.

"சொல்லிட்டன்" என்று மனைவியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இனி அவளைக் கூப்பிட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ. வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னார். ஐந்து ஞாயிறு அவள் வரவில்லை. பூசை முடிந்து நான் நேராக வீட்டுக்கு வருவேன். தேங்காய் எடுத்து வைப்பேன், பிறகு திரும்ப உள்ளே வைப்பேன். மாசியை எறிந்துவிடலாம் என்றும் யோசித்தேன். எனக்கும் மனைவிக்கும் அது வேண்டும், எறிந்து யாருக்கு நாடகம் போடுவது? போத்தலைச் சரக்குத் தட்டில் இருந்து எடுத்து, பிரிட்ஜின் கீழ்ப் பெட்டியில் மீனோடு வைத்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அது அதன் இடத்துக்குப் போனது.

ஆறாவது ஞாயிறு சொல்லாமல் வந்தாள். முன் அறையில் உட்காரவில்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் போட்டாள். "சமையுங்கோ" என்றாள்.

நான் மா குழைத்தேன், புட்டு அவித்தேன். அவள் போனை எடுக்கவில்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் போத்தலை எடுத்தபோது எழுந்து வந்து வாங்கி மணந்து பார்த்தாள். உப்பையும் மணந்தாள். உப்பில் என்னடி இருக்கிறது என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மாசி எங்கே என்று கேட்டாள். மீனோடு இருக்கிறது என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் சொந்தக் குசினியில் சொந்தப் பிள்ளை எனக்குக் காவல் இருக்கிறாள். ஆனாலும் தேங்காயில் வெங்காயத்தைப் போட்டு இடிக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. சாப்பிட உத்தேசம் இல்லாதவள் எதற்கு இவ்வளவு பார்க்க வேண்டும்? தேசிக்காயைப் பிழிந்துவிட்டு அவள் முன்னால் வைத்தேன்.

புட்டில் சம்பலைக் குழைத்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நான் குசினித் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முந்தினது இதைவிட நல்ல ருசி, என்ன அப்பா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி சம்பல் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு தட்டு எடுக்கச் சொன்னாள்.